எல்க்மார்ஷ் முதியோரைக் கண்டுபிடித்த வரலாறு

மனித குலம் நெருப்பை எங்கே கண்டுபிடித்தது என்று யாருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்த இடமும் தெரியாது. ஆனால் முதியோரைக் கண்டுபிடித்த இடம் திட்டவட்டமாகத் தெரியும்: மின்னசோட்டா மாநிலம், எல்க்மார்ஷ் பல்கலைக்கழகம், கல்வியியல் கட்டடம், இரண்டாவது மாடி. அதற்கு முன்பும் எங்கள் ஊரில் வயதானவர்கள் இருந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. தேவாலயத்தில் முன்வரிசைகள் நான்கும் அவர்கள்தாம். ஆனால் அவர்கள் ஆதாரம் இல்லாமல் இருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் முனைவர் கர்ட்டிஸ் வென்டல்போ, உளவளத்துணைத் துறையின் தலைவர். மனம் நொந்து வருகிறவர்களிடம் பேசி, அதைவிட முக்கியமாக அவர்கள் பேசுவதைக் கேட்டு, ஆற்றித் தேற்றும் வேலைக்கு ஆட்களைத் தயார் செய்கிற துறை அது. ஒரு நாள் அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது: 'நம் துறை வயதானவர்களைக் கவனிக்கிறதா?' சாதாரண மனிதன் என்றால் மாடியிறங்கிப் போய், தெருவில் எதிர்ப்பட்ட ஒரு வயதானவரைக் கேட்டிருப்பான். வென்டல்போ விஞ்ஞானி. அவர் நூலகத்துக்குப் போனார்.

நான்கு ஆண்டுகள், இரண்டு சக பேராசிரியர்கள், இருபது வருடத்து ஆய்விதழ்கள். ஒவ்வொரு கட்டுரையாக எண்ணினார்கள். நூற்றுக்கு இரண்டு கட்டுரைகளே வயதானவர்களைப் பற்றிப் பேசின. அந்த இரண்டில் ஒன்று, வயதானவர்களைப் பற்றிக் கல்லூரி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது. எண்ணிக்கையில் விருப்புவெறுப்பு கலந்துவிடக் கூடாதே என்று, அந்த நான்கு ஆண்டுகளும் மூவரும் அறுபத்தைந்து தாண்டிய எவரையும் அருகில் அண்டவிடவில்லை. வென்டல்போ ஃபார்கோவில் இருக்கும் தம் தாயாரைப் பார்க்கப் போவதைக்கூட ஒத்திவைத்தார். விஞ்ஞானத்துக்காக உடம்பைக் கொடுத்தவர்கள் உண்டு. தாயாரையே கொடுத்தவர் அவர்.

கட்டுரை வெளிவந்தது. 'கவனிப்பாரற்ற முதியோர்' என்று அது உரக்கப் புலம்பியது. வெளிவந்த மறுகணமே அதுவும் முதியோரைப் பற்றிய ஒரு கட்டுரை ஆகிவிட்டது அல்லவா? அந்த ஆண்டுக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, முதியோர் மீதான கவனம் மளமளவென்று ஏறியிருந்தது. ஒரு நோயைக் கண்டுபிடித்த அன்றைக்கே அதைப் பாதி குணமாக்கிய வைத்தியர் வேறு யார்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கறி சமைக்கிறவர்கள். ஏடு எழுதுகிறவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

பிறகு 'முதியோர் கவன முன்னெடுப்பு' தொடங்கியது. அதற்கு ஒரு குழு. குழுவைக் கண்காணிக்க ஒரு துணைக்குழு. இரண்டு கைகள் கோத்திருப்பது போல ஒரு சின்னம். சின்னத்தில் ஒரு கை சுருக்கம் விழுந்ததாக இருக்க வேண்டும் என்று வரைந்தவர் சொன்னார். அது பார்க்கிறவர்களைச் சோர்வடையச் செய்யும் என்று குழு முடிவெடுத்ததால், இரண்டு இளங்கைகளே இன்றுவரை ஒன்றை ஒன்று கவனித்துக்கொள்கின்றன. கடைசியாக ஒரு சுவரொட்டி அச்சிட்டு ஊரெல்லாம் ஒட்டினார்கள். 'அறுபத்தைந்தைக் கடந்தவரா நீங்கள்? உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம். வாருங்கள், பேசுங்கள். இலவசம்.' இதை ஒரு முதியவர் உண்மையிலேயே படித்துவிடக்கூடும் என்பதைக் குழு எதிர்பார்க்கவில்லை. எழுத்து அவ்வளவு சிறியது.

படித்தவர் மார்லிஸ் டோலெஃப்சன் அம்மாள், எழுபத்தெட்டு வயது. தேவாலயத்தின் நிலவறைச் சமையற்கட்டில், ஒரு சாவு விருந்துக்குப் பிறகு காபிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது, சுவரில் இருந்ததைக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அவரிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது.

போன பிப்ரவரியில் ஒரு காலை, அவர் கணவர் ஆர்விட் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். முந்தின நாள் தேவாலய விருந்தில் அத்தனை பேர் நடுவே, மார்லிஸ் அம்மாளின் தங்கை செய்த ஹாட்டிஷ்தான் ருசி என்று அந்த மனிதர் சொல்லித் தொலைத்திருந்தார். உருளைக்கிழங்கும் கறியும் போட்டு அடுப்பில் வேகவைக்கிற பதார்த்தம்தான். அதில் என்ன பெரிய ருசி வேறுபாடு என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் தங்கை கிடையாது. ஐம்பத்துநான்கு வருடத் தாம்பத்தியத்தில் அது பெரிய குற்றமில்லை. சின்னக் குற்றமும் இல்லை. வாசலிலிருந்து "மார்லிஸ்" என்று ஒரு குரல் வந்தது. அம்மாளின் காதில் நன்றாக விழுந்தது. இன்னொரு தடவை கூப்பிடட்டுமே என்று தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆர்விட் இன்னொரு தடவை கூப்பிடவில்லை.

மாரடைப்பு. சத்தம் ஏதும் கேட்டதா என்று மருத்துவர் கேட்டபோது கேட்கவில்லை என்றார் அம்மாள். மகனிடமும் அதையே சொன்னார். அந்தக் 'கேட்கவில்லை'யை வைத்துத்தான் பாதிரியார் இறுதிச் சடங்கில், ஒரு முனகல்கூட இல்லாமல் அமைதியாக ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தவர் என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குமேல் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? பதினொரு மாதமாக அது அம்மாளின் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒரே ஒரு ஆளிடம், ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. அறிமுகமில்லாத ஆளாக இருந்தால் உத்தமம். அம்மாள் நல்ல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் காரை ஓட்டிச் சென்றார்.

துறை அவரை விஞ்ஞான முறைப்படி வரவேற்றது. முதலில், கணவர் பெயர், அவர் இறந்த தேதி உட்பட எல்லாம் கேட்கிற பத்தொன்பது பக்கப் படிவம். அதைக் கணினியில் ஏற்றியபோது வயது என்ற கட்டத்தில் எழுபத்தெட்டு ஏறவில்லை. 'தவறான எண். மீண்டும் முயல்க' என்றது கணினி. கணினி அறுபத்துநான்கோடு நிறுத்திக்கொள்ளும்படி பழக்கப்பட்டது. அம்மாளுக்கு ஒதுக்கப்பட்ட மாணவி கென்ட்ரா, இளகிய மனசுக்காரி, கொஞ்சம் யோசித்து நாற்பத்தெட்டு என்று போட்டாள். மானுடத்தின் ஆதிக்கனவு ஒரு பொத்தானில் நிறைவேறியது.

அடுத்து மன அழுத்தத்தை அளக்கும் கேள்விகள். கல்லூரி மாணவர்களுக்காகக் கல்லூரி மாணவர்கள் மீது சோதித்துப் பார்த்துத் தேர்ந்த அளவுகோல் அது. துறையில் வேறு அளவுகோல் இல்லை. கடந்த இரண்டு வாரத்தில் தேர்வைப் பற்றிய பயம் உண்டா என்று கென்ட்ரா கேட்டாள். ஓட்டுநர் உரிமத்துக்கு அடுத்த மாதம் கண் பரிசோதனை இருக்கிறது, பயம்தான் என்றார் அம்மாள். அறையில் கூட வசிப்பவரோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டாள்.

"ஐம்பத்துநாலு வருஷம் ஒத்துப்போச்சு," என்றார். "கடைசி நாள் தவிர."

'அறைத்தோழமை: மிக நன்று' என்று கென்ட்ரா குறித்துக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்லக் கூடாது. இரண்டு வருடப் பயிற்சியில் முதியோர் என்ற பாடம் அவளுக்கு ஒரு வியாழக்கிழமை பிற்பகல் நடந்திருந்தது. அன்று பனிப்புயலால் கல்லூரி ஒருமணி நேரம் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். ஆனாலும் கையேட்டை வரிக்கு வரி படித்தவள். உரிய நேரம் வந்ததும், கையேடு சொன்னபடி லேசாக முன்னால் சாய்ந்து, சரியான கேள்வியையே கேட்டாள்.

"மார்லிஸ், ஆர்விட் போன அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு பேசணும்னு தோணுதா உங்களுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நீங்க வேண்டாம்னு சொல்றத நான் மதிக்கிறேன்," என்றாள் கென்ட்ரா. மதித்தாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களின் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்க்மார்ஷில் ஒருவர் காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்போம். அது வணக்கம் சொல்வது மாதிரி. மறுபடி கேட்டாலும் வேண்டாம் என்போம், அது வளர்ப்பு. மூன்றாம் முறை கேட்பதுதான் கேள்வி, அதற்குச் சொல்வதுதான் பதில். முதல் கேள்விக்கே கேக்கை எடுத்துக் கடித்தவனுக்கு எங்கள் ஊரில் பெண் கிடைக்காது. கென்ட்ரா அரிசோனாக்காரி. அங்கே வெயில் அதிகம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கையேட்டிலும் அப்படித்தான் இருந்தது: 'மறுப்பு ஒருமுறை தெரிவிக்கப்பட்டதும் அதைப் புனிதமாகக் கருதுக.' மிச்ச நாற்பது நிமிடமும் மூச்சுப் பயிற்சி என்று இருவரும் மூச்சை இழுத்து விட்டார்கள். அம்மாள் சொல்ல வந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றைய மதிப்பீட்டில் 'சுயமரியாதை பேணல்' என்ற பிரிவில் கென்ட்ராவுக்கு ஐந்துக்கு ஐந்து.

இருந்தாலும் அம்மாள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஒருதரம் கேட்டாயிற்று, இன்னும் இரண்டுதரம் பாக்கி. அடுத்த வாரமும் போனார்.

அடுத்த வாரம் அவருக்குக் கொடுத்திருந்த நேரம் ரத்து. காரணம் மகத்தானது. அன்று 'முதியோர் கவன நாள்'. துறைக்கு அங்கீகாரம் கொடுக்கும் வெளியூர்க் குழுவினர் மூன்று பேர் வந்திருந்தார்கள். வயதானவர்களுக்கு ஆறுதல் சொல்ல மாணவர்களைப் பழக்குகிறீர்களா என்று அவர்கள் நேரில் பார்த்தாக வேண்டும். அதற்காக, ஒருபக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் உட்கார்ந்திருக்க, கென்ட்ரா ஒரு முதியவரோடு பேசிக் காட்டுவதாக ஏற்பாடு.

அந்த முதியவர் ஹேலி. பத்தொன்பது வயது, முதலாமாண்டு மாணவி. துயரப்பட்டவர்களாக நடிக்க முதலாமாண்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, அதற்கு மதிப்பெண் கொடுப்பது துறையின் நெடுநாள் வழக்கம். நிஜ முதியவர்கள் இந்த வேலைக்குத் தோதுப்பட மாட்டார்கள் என்பது முன்பே நிரூபணம் ஆகியிருந்தது. முந்தின ஆண்டு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் முதல் வாரமே அழுதுவிட்டார். அழுகை நான்காம் வாரப் பாடம். ஹேலியிடம் அந்தத் தொல்லை இல்லை. அவள் கையில் ஒரு தாள் இருந்தது: கை நடுக்கம் தொடர்ந்து, 'அந்தக் காலத்தில்' மூன்று முறை, காது கேளாமை ஒரு முறை.

காத்திருப்பு அறையில் ஹேலி நாடகத் துறையிலிருந்து வாங்கிய நரைமுடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மார்லிஸ் அம்மாள். நேரம் ரத்து என்பதைக் கேட்டுக்கொண்டு, எழுந்துபோக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். வென்டல்போ விறுவிறுவென்று வந்தார். ஹேலியை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ குறைகிறது என்று அவருக்குப் பட்டது. திரும்பியபோது குறைந்தது எது என்று தெரிந்துவிட்டது.

"மன்னிக்கணும்," என்றார் அம்மாளிடம். "உங்க ஸ்வெட்டர் ரொம்பத் தத்ரூபமா இருக்கு. ஒரு மணி நேரம் குடுக்க முடியுமா? முதியோர் நலனுக்காகத்தான்."

கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும் வளர்ப்பு அம்மாளுக்கு இல்லை. கழற்றிக் கொடுத்தார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு பாகை. ஸ்வெட்டர் ஆராய்ச்சிக்குத் தேர்வாகிவிட்டது, அம்மாள் ஆகவில்லை. வென்டல்போ ஹேலியின் தோளைத் தட்டிக்கொடுத்து, கூப்பிட்டதும் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு விருந்தினர்களிடம் ஓடினார்.

ஹேலி ஊருக்கு வெளியே மாட்டுப்பண்ணை வைத்திருக்கிறவர்களின் மகள். அடுத்தவர் ஸ்வெட்டரில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு முள்மேல் இருப்பதாக இருந்தது. பையிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பூசணி கேக்கை எடுத்து நீட்டினாள். அம்மாள் வேண்டாம் என்றார். மறுபடி நீட்டினாள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்றார். மூன்றாம் முறை நீட்டினாள். அம்மாள் எடுத்துக்கொண்டு, பட்டை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றார்.

"இங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள் ஹேலி.

"சும்மாதான்."

"சும்மா யாரு இந்தக் குளிர்ல வருவாங்க? சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல கண்ணு. உனக்குப் பரீட்சை மாதிரி இருக்கு, நீ அதப் பாரு."

ஹேலி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். நரைமுடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். நாற்காலியை அம்மாளின் பக்கம் நகர்த்தினாள்.

"சொல்லுங்க, எதுக்கு வந்தீங்க?"

அம்மாள் சொன்னார். ஹாட்டிஷிலிருந்து ஆரம்பித்தார். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். "கேட்டுச்சு," என்றார். "எல்லார்கிட்டயும் கேக்கலன்னு சொல்லிட்டேன். எனக்குக் கேட்டுச்சு. இன்னொரு தடவ கூப்பிடட்டும்னு இருந்துட்டேன்." அந்த இடத்தில் அவர் குரல் உடைந்தது. பதினொரு மாதமாக அழாமல் வைத்திருந்ததை எல்லாம், பாதி கேக்கைக் கையில் பிடித்தபடி அழுதார். பாடத்திட்டத்தில் அதற்கான வாரம் வந்ததா என்று அவர் பார்க்கவில்லை.

கூடத்திலிருந்து ஒரு குரல் ஹேலியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஹேலி அசையவில்லை. அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூப்பிடுகிறார்கள், போ என்றார். போகட்டும் என்றாள் ஹேலி. ஸ்வெட்டரைக் கழற்றி அம்மாளின் தோளில் போர்த்தினாள். தன் வீட்டு நடப்பு ஒன்றைத்தான் அவள் சொன்னாள். கையேடு படித்தவள் இல்லையே.

"எங்கப்பா கொட்டகையிலேர்ந்து கூப்பிட்டா எங்கம்மா மூணாந்தடவைக்குத்தான் எழுந்திருப்பாங்க," என்றாள். "அவருக்கும் அது தெரியும். ஆர்விட்டுக்கும் தெரிஞ்சிருக்கும், இல்லையா? இன்னொரு தடவ கூப்பிட முடிஞ்சிருந்தா நீங்க வந்திருப்பீங்கன்னு."

"ஓடிப் போயிருப்பேன்," என்றார் மார்லிஸ் அம்மாள்.

"அதுவும் தெரிஞ்சிருக்கும்."

இது ஆறுதலா, விஞ்ஞானப்படி சரியா என்றெல்லாம் சொல்லும் தகுதி எனக்கில்லை. அம்மாளுக்கு மூச்சு சீராக வந்தது. தொண்டையில் நின்றது இறங்கிவிட்டது என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. மிச்சக் கேக்கைச் சாப்பிட்டார்.

கதவு திறந்தது. வென்டல்போ, அவருக்குப் பின்னால் அங்கீகாரக் குழுவினர் மூவர், அவர்களுக்குப் பின்னால் கையைப் பிசைந்தபடி கென்ட்ரா. மேஜைமேல் தனியாகக் கிடந்த நரைமுடியைப் பார்த்ததும் வென்டல்போவின் முகம் வெளுத்தது.

"பாத்தீங்களா, இதுதான் எங்க துறை சந்திக்கிற சவால்," என்று குழுத் தலைவியிடம் சொன்னார். "அறை ரெடி, கண்ணாடி ரெடி, மாணவி ரெடி. வயசானவங்கதான் கிடைக்க மாட்டேங்கறாங்க."

குழுத் தலைவி மிகுந்த அனுதாபத்தோடு தலையசைத்தார். உட்கார இடம் தேடினார். வென்டல்போ மார்லிஸ் அம்மாளிடம், விருந்தினர்கள் உட்காரச் சற்று நகர்ந்துகொள்ள முடியுமா என்று பணிவோடு கேட்டார். வீட்டுக்குத்தான் கிளம்புகிறேன் என்று அம்மாள் எழுந்து ஸ்வெட்டரின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். ஹேலி கார் வரை அவரோடு போனாள், நடைபாதை உறைந்திருந்தது.

நிகழ்ச்சி நின்றுவிடவில்லை. ஐம்பத்தெட்டு வயதான வென்டல்போ தாமே நரைமுடியை அணிந்து, கென்ட்ராவின் எதிரே உட்கார்ந்து, கை நடுங்க, 'அந்தக் காலத்தில்' என்று மூன்றுக்கு நான்காகவே சொன்னார். கென்ட்ரா ஏதாவது பேச வேண்டுமா என்று கேட்டாள். வென்டல்போ வேண்டாம் என்றார். கென்ட்ரா அதை மதித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கைத்தட்டல் எழுந்தது.

அதைத் தொடர்ந்து வெளிவந்த ஆய்வறிக்கை இன்று பல பல்கலைக்கழகங்களில் பாடம். 'பேச வாய்ப்பளித்தும் முதியோர் பேச முன்வருவதில்லை. குறை முதியோரிடமே' என்பது அதன் முடிவு. ஆதாரம், ஒருமுறை கேட்கப்பட்டு, 'ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று பதிலளித்த, பெயர் குறிப்பிடப்படாத நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி. இந்தக் கட்டுரையையும் சேர்த்தால் முதியோர் மீதான கவனம் மேலும் ஏறுகிறது.

துறைக்கு ஏழாண்டு அங்கீகாரம் கிடைத்தது. கென்ட்ரா பட்டம் பெற்றுச் சான்றிதழ் வாங்கினாள். 'பணி நேரத்தில் காத்திருப்பு அறையில் தொடர்பில்லாத ஒரு நபரோடு இருபத்தைந்து நிமிடம் வீண்பேச்சு' என்று எழுதி ஹேலிக்குப் பூஜ்யம் போட்டார்கள். ஆக, எங்கள் எல்க்மார்ஷில் அன்று முதியவர் ஒருவர் பேசியதைக் கேட்ட ஒரே ஆள் தேறவில்லை. கேட்காத அத்தனை பேரும் தேர்ச்சி.